வரியில்லாத வட்டி யாருக்கு லாபம்?

(திருவனந்தபுரத்தில் நம் சபை அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலர் செக்ரடேரியட், ஏஜீஸ் ஆபீஸ், பாங்கு என்று உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். "இதற்கு வரி கிடையாது" என்று யாராவது சொன்னால், வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே செக் புக்கை எடுத்துவிடுவோம். இது எல்லோருக்கும் சரிதானா என்று இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பி.பி.எஃப். 1968ல் தொடங்கியபோது வட்டி 4.8 சதவீதம். 1986லிருந்து 2000 ஜனவரி வரை 12 சதவீதம். 2003 முதல் 2011 வரை 8. 2020 ஏப்ரலில் 7.1 ஆனது; 2025 முடிய அதில் மாற்றமில்லை. அந்த 12 சதவீத ஞாபகத்திலேயே கணக்கை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

அடுத்தது 2004ல் வந்த சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலிலிருந்து 2025 முடிய 8.2 சதவீதம். 60 வயதானவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். ஆனால் அதற்கு வரி உண்டு.

எது மேல்? பதில் உங்கள் வருமானத்தில் இருக்கிறது. செஸ் சேர்த்து 31.2 சதவீத வரி கட்டுபவருக்கு 8.2ல் மிஞ்சுவது 5.64தான். 20.8 கட்டுபவருக்கு 6.49. 15.6 கட்டுபவருக்குக்கூட 6.92தான். இவர்களுக்கெல்லாம் பி.பி.எஃப். மேல்.

வரியே கட்ட வேண்டாதவருக்கோ கணக்கு தலைகீழ். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ள இந்தியவாசிக்கு வரி இல்லை. (பங்கு விற்ற லாபம் போன்றவற்றுக்குத் தனி விதி.) வருஷம் 6 லட்சம் பென்ஷன் வாங்கும் ஒரு மாமாவிடம், முதிர்ந்த பி.பி.எஃப். கணக்கில் 30 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே வட்டி 2,13,000 ரூபாய். சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 2,46,000. அதைச் சேர்த்தும் மொத்த வருமானம் 8,46,000தான், வரி பூஜ்யம். கட்ட வேண்டாத வரிக்குப் பயந்து வருஷத்துக்கு 33,000 ரூபாயை விட்டுவிடுகிறார். மாமா, மாமி இருவரின் ஒரு வருஷ மருந்துச் செலவு அது!

பாங்கில் டி.டி.எஸ். பிடித்தார்களே என்று சிலர் பதறுவார்கள். வரி இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும்.

கேரளத்தில் டிரஷரியிலும் டெபாசிட் போடுகிறோம். அந்த வட்டியும் வரிக்கு உட்பட்டதே. மேற்சொன்ன கணக்கையே அதற்கும் போடுங்கள்.

வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பி.பி.எஃப். வட்டி, மாதத்தின் 5ம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலுள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான். ஏப்ரல் 5க்குள் ஒன்றரை லட்சம் போட்டால் அந்த ஆண்டே 10,650 ரூபாய் வட்டி. மார்ச் கடைசியில் போட்டால் அந்த ஆண்டில் அதற்கு ஒன்றும் இல்லை. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் சுகன்யா சம்ருத்தி கணக்கு தொடங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து 2025 முடிய 8.2 சதவீதம், வரியும் இல்லை.

வெளிநாட்டிலுள்ளவர்கள் புதிதாக பி.பி.எஃப். தொடங்க முடியாது. என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. துபாயில் இருப்பவருக்கு அங்கும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இருப்பவர் அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பி.பி.எஃப். கணக்கை இருவர் பெயரில் தொடங்க முடியாது. நாமினி கட்டாயம் எழுதுங்கள். சீனியர் சிட்டிசன் கணக்கில் மாமியைச் சேர்த்துக்கொள்ளலாம். நமக்குப் பின் அவரே அதைத் தொடரலாம். எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். அரை சதவீதம் வட்டி கூடுதலாகக் கிடைப்பதைவிட அது பெரிய உபகாரம்.