ஊர் திரும்பியவரின் கணக்கு



வெளிநாட்டு வருமானம், முதலீடு, வரி என்றால் மாநகர விடுதி அரங்கில் கூடுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றி விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தில் இக்கருத்தரங்கைக் கூட்டிய அமைப்பாளர்களுக்கு முதல் நன்றி. 2021 பிப்ரவரி 12 அன்று இவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களை வணங்கித் தொடங்குகிறேன். மருந்து கலக்கும் அறைக்குப் பிள்ளையை அனுப்ப மனம் வராமல், கடன் வாங்கி வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிய வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு. அந்தப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பும்போது அவர் கையிலுள்ள பணத்துக்குச் சட்டம் என்ன செய்கிறது என்பதே இன்றைய பொருள்.

வருமான வரிச் சட்டத்தின் வரலாற்றில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் வசிப்பவரின் வெளிநாட்டு வருமானத்தை, அது இங்கே வந்து சேராவிட்டாலும் வரிக்குள் கொண்டுவந்தது 1939ஆம் ஆண்டுத் திருத்தம். அதே திருத்தம்தான், முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டாவது இங்கே வசித்திராதவருக்கு ஓர் இடைநிலையையும் வகுத்தது. பிறகு நீதிமன்றம் ஏறியவர்களில் நகரத்தார் பெயர்கள் முன்னே நிற்கின்றன. கொழும்பில் குடியிருந்த சுப்பய்யா செட்டியார் ஓராண்டில் ஏழு முறை வந்து 101 நாள் தங்கியதை வைத்து, அவருடைய கூட்டுக் குடும்பம் எங்கே வசிப்பதாகக் கொள்வது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பத்தின் நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டில்தான் இருந்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை; ஆகவே குடும்பம் இங்கே வசிப்பதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பாயிற்று. குழந்தகன் செட்டியார் வழக்கில், ஈப்போ ரப்பர்த் தோட்ட வருமானத்துக்கு இங்கே வரி இல்லை என்று 2004இல் தீர்ப்பு வந்தது. மலேசியாவோடு செய்த இரட்டை வரி ஒப்பந்தமே அதற்கு அடிப்படை. 2008இல் அரசு ஓர் அறிவிக்கையால் அந்தப் பொருள்கோளை மாற்றியது.

அந்த நகரத்தாருக்கு மேலாள் இருந்தார், அடுத்தாள் இருந்தார், ஆண்டுதோறும் ஐந்தொகை எடுத்தார்கள், வாதாட வழக்கறிஞர் இருந்தார். அவர்களுக்கான அளவில் வளர்ந்த சட்டம் இன்று வெம்பக்கோட்டை வெல்டர் மீதும் அப்படியே வந்து விழுகிறது. என் கவலை முழுவதும் இதுதான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஷார்ஜாவில் பன்னிரண்டு ஆண்டு வேலை, ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. அந்த நிதியாண்டில் விடுப்பு எடுக்காமல், 2025 அக்டோபர் 1 அன்று ஒரேயடியாக மதுரையில் வந்து இறங்குகிறார். அன்றிலிருந்து மார்ச் 31 வரை எண்ணினால் சரியாக 182 நாள். அந்த நிதியாண்டிலேயே அவர் வசிப்பவராகிவிடுகிறார். மறுநாள் இறங்கியிருந்தால் 181. அந்த ஆண்டுக்கு வசிக்காதவர் கணக்கிலேயே இருப்பார். ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வசிக்காதவராக இருந்திருக்க வேண்டும் என்ற இன்றைய விதியும், முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மேல் தங்கியிருக்கக்கூடாது என்ற விதியும் அவருக்கு 2028 மார்ச் வரை அந்த இடைநிலையைத் தருகின்றன. கணக்காளர்கள் இதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். அதுவரை ஷார்ஜா வைப்புத்தொகையின் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டமும் இந்த அளவுகோல்களை விட்டுவிடவில்லை.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடைநிலை காப்பது வெளியே ஈட்டி வெளியே பெற்ற பணத்தை. ஊருக்கு வந்தபின் கணக்குத் தீர்க்கும் சம்பளத்தை நிறுவனம் நேரே சாத்தூர் வங்கிக்கு அனுப்பினால், அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகிவிடும். முதலில் அங்குள்ள கணக்கில் வாங்கிப் பிறகு அனுப்பிக்கொள்வதே முறை.

அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு வேறு கடிகாரம். அங்கே நாள் எண்ணிக்கை உதவாது; இனி இங்கேதான் என்று வந்த அன்றே அவர் வசிப்பவர். வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.இ. கணக்கை உடனே மாற்ற வேண்டும். வட்டிக்கு இருந்த விலக்கும் அத்தோடு போய்விடும். சாதாரணக் கணக்காக மாற்றாமல் ஆர்.எஃப்.சி. எனும் வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுபோனால், இடைநிலை நீடிக்கும்வரை அந்த வட்டிக்கு வரி இல்லை. இதை வங்கியில் யாரும் எடுத்துச் சொல்வது அரிது. அங்கே இருந்தபோது வாங்கிய வீட்டையும் பங்குகளையும் வைத்துக்கொள்ள 1999ஆம் ஆண்டின் அதே செலாவணிச் சட்டம் வெளிப்படையாகவே இடம் தருகிறது. இது தெரியாமல், ஊருக்குப் போகுமுன் விற்றாக வேண்டும் என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இடைநிலை முடிந்து, 2028 ஏப்ரல் முதல்தான் இன்னும் கடுமையான இடம். ஷார்ஜாவில் மூடாமல் விட்ட கணக்கில் சில நூறு திர்ஹாம் கிடந்தாலும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், அவர் வருமான வரிப் படிவம் தந்தே ஆக வேண்டும். எளிய சகஜ் படிவம் செல்லாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிதியாண்டுக்கு அன்றி, டிசம்பர் 31இல் முடியும் ஆண்டுக்கு எழுத வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக இருபது லட்சம் வரையிலான சொத்துக்கு அந்தத் தண்டம் இல்லை என்று ஆக்கியது நல்ல திருத்தம். ஆனால் படிவம் தரும் கடமை போகவில்லை. அங்குள்ள வங்கிகள் தரும் விவரம் நாடுகளுக்கிடையிலான தகவல் பரிமாற்றத்தால் நம் வரித்துறைக்கு வந்து சேர்கிறது. அவர் மறந்தாலும் கணினி மறக்காது.

பட்டறை வைக்கவும் கடை திறக்கவும் நினைத்து வந்தவரைப் பிடிக்க வந்தது அல்ல அந்தக் கருப்புப் பணச் சட்டம். சிறு கணக்குகளுக்குப் படிவக் கடமையிலிருந்தே விலக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரும்பி வருபவரின் பணத்தை அரசுகளே கருத்தில் கொண்ட முன்மாதிரி ஒன்று உண்டு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையில், இலங்கையிலிருந்து திரும்பும் தோட்டத் தொழிலாளர் தம் சேமநிதியையும் பணிக்கொடையையும் எடுத்து வரலாம் என்றும், ஒரு குடும்பம் எடுத்து வரக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். திரும்பி வரும் உழைப்பாளியின் பணம் ஒரு நாட்டு உடன்படிக்கையிலேயே இடம்பெற்ற காலம் அது. அந்த அக்கறையை நம் ஆய்வுகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வந்தது என்று அளந்தவர்கள், திரும்பியவர் அதை எந்தக் கணக்கில் வைத்தார், எந்த ஆண்டில் நிலை மாறினார் என்றும் ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும்.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அயலகத் தமிழர் ஆணையரகத்துக்கு அனுப்ப, இரண்டே பக்கத்தில், தமிழில், இறங்கிய நாள் தொடங்கி மூன்று ஆண்டுக்கான குறிப்பு ஒன்றைப் பிற்பகல் அமர்வில் எழுதி முடிப்போம். அச்சங்குளத்திலும் சுற்று ஊர்களிலும் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத வரி எதையும் அதில் விடவேண்டாம். முதல் அமர்வைத் தொடங்கலாம்.