பரீட்சைக்கு முன் ஒரு குளிசை



மூளையை உசுப்பும் பொருள் எல்லாமே பாவம் என்று புசல்லாவையில் நின்று நான் சொன்னால் இந்த மலையே சிரிக்கும். 1841இல் மொறிஸ் வோர்ம்ஸ் சீனாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகளை நட்டது இங்கே, ரொத்சைல்ட் கோப்பித் தோட்டத்தில். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தது, தேயிலை நிலைத்தது. இரண்டிலும் இருப்பது கஃபீன்தான். உலகத்துக் கந்தோர்களையெல்லாம் கண்விழிக்க வைத்தது நம் பாட்டிமார் பறித்த கொழுந்து. அவர்களுக்குக் கிடைத்தது பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை சாயத்தண்ணி!

அந்தக் கஃபீன் புதிதாக அறிவைத் தருவதில்லை. அடினோசின் என்ற பொருள் மூளைக்குக் களைப்பைச் சொல்ல வரும்போது, அதன் கதிரையில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு உடம்பிலேதான் இருக்கிறது.

மெதில்பெனிடேட் என்ற குளிசை வேறு சங்கதி. 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பெனியில் உருவான மருந்து. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதைக் கொடுக்காமல் விடுவதுதான் அநியாயம். அந்தக் குறைபாடு இல்லாதவர் படிப்புக்காக விழுங்கினால்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011இல் அதை மோசடி என்றே விதியில் எழுதிவிட்டது.

எனக்கு அந்தச் சொல்லில் முழு உடன்பாடில்லை. பாடத்தைப் படித்தவன் அவன்தானே? காசு கட்டிக் கண்டிக்கு டியூஷன் போவதை யாரும் மோசடி என்பதில்லையே! என் பயம் வேறு. நம் பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் நடக்கிறது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டும். இன்று ஒரு பிள்ளை விரும்பி விழுங்கும். நாளை பக்கத்து வீட்டுத் தாய் பயந்துபோய்த் தன் பிள்ளைக்கும் வாங்குவாள். எல்லோரும் விழுங்கி முடித்த பிறகும் மருத்துவ பீடத்தில் ஒரு இடம்கூடக் கூடியிருக்காது. நெஞ்சுப் படபடப்பும் போன தூக்கமும்தான் மிச்சம். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான், தம்பி!

வளர்ந்தவர் தன் உடம்பை அறிந்து முடிவெடுக்கட்டும். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாரும் முடிவெடுக்க இடமே விடுவதில்லை. லயத்து ஒற்றை அறையில், டீவி சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்கு இல்லாதது கவனமா, அமைதியான இடமா? ஆகவே இந்த மண்டபத்தை நடத்தும் சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கை: பரீட்சை முடியும்வரை இதை இரவு ஒன்பது மணிவரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். கரண்ட் பில்லுக்கு என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.