ஊசிக்கு முந்திய கேள்வி

மூட்டுக் காயங்களைக் கண்டறிவதில் எம்.ஆர். ஆர்த்ரோகிராம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று ஆராய இந்த அவை கூடியிருக்கிறது.

மூட்டுக்குள் ஒன்றைச் செலுத்திப் படம் எடுப்பது புதிய எண்ணமன்று. 1905ஆம் ஆண்டிலேயே முழங்கால் மூட்டுக்குள் வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். பிறகு அயோடின் மருந்துகள் வந்தன. 1980களில் எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, கடோலினியம் கலந்த நீரை மூட்டில் நிரப்பிப் படம் எடுக்கும் முறையும் தோன்றிவிட்டது.

இதன் அடிப்படை எளியது. சைக்கிள் டியூபில் காற்று இறங்கிக் கிடக்கும்போது ஓட்டை தெரியாது, காற்றடித்தால்தான் தெரியும். தோள் மூட்டிலும் அப்படித்தான். கிண்ணத்தைச் சுற்றியுள்ள லேப்ரம் விளிம்பும், தசைநார்களும், மூட்டுறையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஏறத்தாழ 12 மில்லி நீரைச் செலுத்தினால் அவை விலகும். படத்தில் வெள்ளையாகத் தெரியும் அந்த நீர் கிழிசலுக்குள் புகும். ஆனால் இதற்குக் கைத்திறன் வேண்டும். கடோலினியத்தைச் சுமார் 200 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். செறிவு மிகுந்தால் வெள்ளையாகத் தெரிய வேண்டிய நீரே கறுத்துவிடும். ஊசி வழியே புகுந்த காற்றுக்குமிழி, மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் எலும்புத் துணுக்கைப் போலக் காட்சி தரும். ஊசி தவறி மேலுள்ள பர்சா என்னும் திரவப்பைக்குள் நீர் இறங்கினால், கிழியாத தசைநாரும் முழுதாகக் கிழிந்ததுபோலத் தோன்றும். தாமதித்தால் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே துல்லியம் பற்றிய பேச்சு ஊசி முனையிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி எண்களுக்கு வருகிறேன். கிழிசல் உள்ளவர்களை விடாமல் பிடிக்கும் திறனை உணர்திறன் என்கிறோம். கிழிசல் இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறனைத் தனித்தன்மை என்கிறோம். தோள் லேப்ரம் காயங்களைப் பற்றி 2012இல் வெளியான தொகுப்பாய்வில் ஆர்த்ரோகிராமின் உணர்திறன் 88 விழுக்காடு, தனித்தன்மை 93 விழுக்காடு. சாதாரண எம்.ஆர்.ஐ.க்கு அவை 76, 87. தோளில் ஊசி இரண்டு பக்கமும் பயன் தருகிறது. தோள் திரும்பத் திரும்ப விலகும் ஒரு கபடி ஆட்டக்காரருக்கு, 1923இல் பாங்கார்ட் விவரித்த அந்த முன்கீழ் விளிம்புக் காயம் இருக்கிறதா என்று தேடும்போது இதன் மதிப்பு தெரியும். கையைத் தூக்கிப் பிடரிக்குப் பின்னால் வைத்தபடி ஒரு படம் கூடுதலாக எடுத்தால், இடம் விலகாத கிழிசலும் இழுபட்டு வெளிப்படும்.

இடுப்பு மூட்டில் கதை வேறு. லேப்ரம் கிழிசல்களைப் பற்றி 2011இல் வந்த தொகுப்பாய்வின்படி ஆர்த்ரோகிராமின் உணர்திறன் 87, தனித்தன்மை 64. சாதாரண எம்.ஆர்.ஐ.க்கு 66, 79. இங்கே கூடுதல் கிழிசல்களைப் பிடிக்கிறோம். அதே வேகத்தில், இல்லாத கிழிசல்களையும் இருப்பதாகச் சொல்கிறோம்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இடுப்பு மூட்டுக்கென்றே நடக்கும் சிறப்பு மருத்துவப் பிரிவுக்கு வரும் 100 பேரில் 80 பேருக்கு உண்மையில் கிழிசல் இருக்கிறது என்று கொள்வோம். ஆர்த்ரோகிராம் 77 பேருக்கு ‘உண்டு’ என்னும். அவர்களில் 70 பேருக்கு அது உண்மை. ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட 23 பேரில் 10 பேருக்குக் கிழிசல் இருக்கும். அதே பரிசோதனையைப் பொதுப் புறநோயாளிப் பிரிவில், 20 பேருக்கு மட்டுமே கிழிசல் உள்ள 100 பேரிடம் செய்யுங்கள். 46 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். அவர்களில் 17 பேருக்குத்தான் உண்மையாக இருக்கும். எந்திரமும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, படம் படிப்பவரும் மாறவில்லை. படுக்கையில் படுத்தவர் யார் என்பதுதான் மாறியது. ‘இல்லை’ என்ற சொல்லை முதற்பிரிவில் நம்பிவிடக் கூடாது. ‘உண்டு’ என்ற சொல்லை இரண்டாம் பிரிவில் நம்பிவிடக் கூடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியே இல்லாத 45 தன்னார்வலர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. அவர்களில் 69 விழுக்காட்டினருக்கு லேப்ரம் கிழிசல் காணப்பட்டது. கிழிசலைக் காண்பது ஒன்று. வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்வது வேறொன்று. தோளிலும் இயல்பான மாறுபாடுகள் உண்டு. லேப்ரத்துக்கு அடியில் இயற்கையாக அமைந்த துளையையும், முன்மேற்பகுதி லேப்ரம் பிறவியிலேயே இல்லாத பியூஃபோர்ட் அமைப்பையும் கிழிசல் என்று எழுதிவிட்டால், நலமாயிருக்கும் இடத்தைத் தைக்க ஒருவரை அறுவை மேசைக்கு அனுப்பியவர்களாவோம்.

நாம் நம்பும் எண்களின் பிறப்பையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் ஆர்த்ரோஸ்கோப்பி என்னும் மூட்டு உள்நோக்கி அறுவை செய்துகொண்டவர்களை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. படத்தில் கிழிசல் தெரிந்தவர் அறுவைக்குப் போகிறார். தெரியாதவர் வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்குப் போனவரிடம் நாம் தவறவிட்ட கிழிசல் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. அதனால் உணர்திறன் உள்ளதைவிட உயர்ந்தும், தனித்தன்மை தாழ்ந்தும் தோன்றும். இத்தகைய சாய்வுகளை எடைபோட 2011 முதல் குவாடாஸ்-2 என்னும் கருவி இருக்கிறது. ஆய்வை எழுதும் முறைக்கு 2015இல் திருத்தப்பட்ட ஸ்டார்ட் நெறிமுறை இருக்கிறது. நம் முதுநிலை ஆய்வேடுகள் இவ்விரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, அனுப்பும் மருத்துவருக்கு: ‘தோள் வலி, ஆர்த்ரோகிராம் எடுக்கவும்’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பாதீர்கள். வயது, எப்படி அடிபட்டது, எத்தனை முறை மூட்டு விலகியது, தொட்டுப் பார்த்ததில் என்ன கண்டீர்கள், படத்தின் விடையால் உங்கள் சிகிச்சை எப்படி மாறும் என்பவற்றை எழுதுங்கள். எந்த விடை வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்த ஊசி தேவையில்லை. இரண்டாவது, படம் படிப்பவருக்கு: உண்டு, இல்லை என்பதோடு நிற்காமல், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதையும், மூட்டு நன்றாக நிரம்பியதா என்பதையும் அறிக்கையில் பதியுங்கள். மூன்றாவது, நம் எல்லோருக்கும்: அறுவை செய்யப்படாதவர்களையும் விடாமல் பின்தொடர்ந்து பதிவேடு வைப்போம். 3 டெஸ்லா எந்திரங்கள் பரவிவரும் இந்நாளில், ஊசியே இல்லாத படம் எந்த மூட்டுக்குப் போதும், எதற்குப் போதாது என்பதை நம் நோயாளிகளிடமிருந்தே அறிய அந்தப் பதிவேடு ஒன்றே வழி.

ஒரு பரிசோதனையின் துல்லியத்தில் பாதி, அது யாருக்கு, எதற்காகச் செய்யப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. இந்த அமர்வுகளில் ஒவ்வொரு கட்டுரையையும் அந்தக் கேள்வியோடு கேளுங்கள். கட்டுரை படிப்பவரிடம் தயங்காமல் அதைக் கேட்டுப் பதில் பெறுங்கள். மாநாடு சிறக்க வாழ்த்தி, முதல் அமர்வைத் தொடங்குமாறு அழைக்கிறேன்.