அண்டாவில் வெட்டிய பெயர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாற்றை ஆராய்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர் எவரும் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆயினும் எங்கள் கொள்ளுப்பாட்டனார் இந்நகருக்கு வந்த வழியைத் தேடிச் சில ஆண்டுகள் அலைந்தோம். அலைந்த கதையைச் சொல்வதற்கு அலைந்தவர்களே போதும் என்ற துணிவோடு இங்கு வந்து நிற்கிறோம்.

அல்சூரில் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முற்பட்டபோது, பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடுவதென்று வீட்டில் முடிவாயிற்று. வண்டியில் ஏற்றுமுன் ஓர் அண்டாவைத் துடைத்த சிறுவன், அதன் கழுத்தருகே ஏதோ எழுதியிருக்கிறது என்றான். புள்ளி புள்ளியாக வெட்டப்பட்ட தமிழ் எழுத்துகள்: ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழே 1894. எங்கள் கொள்ளுப்பாட்டியாரின் பெயர் வேறு. பாட்டியின் பெயரும் அதுவன்று. அத்தைமார், பெரியம்மாமார் அனைவரையும் கேட்டோம். அப்பெயருடைய பெண் எங்கள் வீட்டில் பிறந்ததாகவோ வாழ்க்கைப்பட்டதாகவோ எவரும் அறியார். அடகு பிடித்த பாத்திரமாக இருக்கும் என்றார் ஒருவர். அண்டா மட்டும் எடைக்குப் போகாமல் நின்றது. (அப்பெயரை மலரில் அச்சிட வேண்டா என்பது வீட்டு மூத்தவர்களின் விருப்பம். ஆகவே இங்குச் சொல்லாமல் செல்கிறோம்.)

அதுவரையில் எங்களுக்குத் தெரிந்த குடும்ப வரலாறு மிகச் சுருக்கமானது. கொள்ளுப்பாட்டனார் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவ்வளவே. ஆகவே பட்டாளத்திலிருந்தே தொடங்கினோம்.

இவ்விடத்தில் இளைஞர்களுக்காகச் சிறிது பழைய செய்தி கூற வேண்டும். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின் சீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் படை, அவ்வூரின் நீரும் காற்றும் உடலுக்கு ஒவ்வாமையால் 1809-இல் பெங்களூருக்கு வந்து பாளையம் இறங்கியது. பழைய பேட்டை ஒருபுறமிருக்க, அதற்குக் கிழக்கே ‘தண்டு’ என்று கன்னட மக்கள் அழைத்த கண்டோன்மென்ட் எழுந்தது. படை வந்தால் அதன் பின்னே ஓர் ஊரே வரும் அன்றோ? கட்டடம் கட்டுவோர், துணி வெளுப்போர், தைப்போர், வண்டி ஓட்டுவோர், சமைப்போர், காய்கறி விற்போர் எனத் தமிழ் மக்கள் சாரைசாரையாக வந்தார்கள். அன்று வந்த வழி கால்நடையும் கட்டை வண்டியும். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு இருப்புப்பாதை திறந்தபின் வழி எளிதாயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் மேலும் எத்தனையோ பேரை ஊரைவிட்டுத் துரத்தியது. 1880-க்குப் பின் கோலார்த் தங்கவயல் அழைத்தது.

பட்டாளத்தில் பணியாற்றியவரைத் தேடுவது ஓரளவு எளிது. பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். அக்காலப் பதக்கங்கள் பலவற்றில் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் விளிம்பிலே பொறிக்கப்பட்டிருக்கும். ஓய்வூதியத் தாளோ பணி விடுப்புச் சான்றோ பெட்டியின் அடியில் கிடக்கலாம். எங்கள் வீட்டிலோ பதக்கமும் இல்லை, தாளும் இல்லை. சுபேதார் என்ற சொல் ஒன்றே இருந்தது.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாமே என்றார் நண்பர் ஒருவர். மைசூர் நாட்டில் 1871-இலேயே கணக்கெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் அவ்வறிக்கைகள் எத்தனை வீடு, எத்தனை தலை என்று கூறுமேயன்றி எவர் பெயரையும் கூறமாட்டா.

தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழரைப் பற்றி நாங்கள் அறிந்தபோது, உள்ளபடியே பொறாமை கொண்டோம். சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 இந்தியரோடு 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரையில் ஏட்டில் எழுதி வைத்தார்கள். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். கவுண்டர் ‘கவண்டர்’ ஆனார். எனினும் ஏடு இருக்கிறது. அவ்வேடுகள் இன்று கணிப்பொறியிலும் ஏறிவிட்டன. மோரீசுத் தீவிலோ, குடியேறியோரின் நிழற்படங்களுங்கூட மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கல் கடல் கடந்து சென்றவனுக்கு ஊர்ப் பெயர் உண்டு. இருநூறு கல்லுக்குள் நடந்து வந்தவனுக்கு இல்லையா என்று வருந்தினோம்.

பிறகு யோசித்துப் பார்க்கையில் காரணம் விளங்கிற்று. நேட்டாலுக்குச் சென்றவன் ஒப்பந்தத்துக்குக் கட்டுண்டவன். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும். ஆகவே தழும்பையும் எழுதினார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டனாரைப் பிடிக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. அவர் தாமாக வந்தார். வேண்டாமென்றால் தாமாகத் திரும்பியிருப்பார். எந்தத் துரையும் அவரை எழுதி வைக்கவில்லை என்பதில் எங்களுக்கு இப்போது வருத்தமில்லை. ஆனால் தேடுவோர்க்குத் துன்பந்தான்.

பெங்களூர்த் தமிழர்க்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. 1881-இல் மைசூர் நாடு மன்னரிடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் பகுதி ஆங்கில ரெசிடெண்டின் கையிலேயே நின்றது. 1947 சூலையில்தான் அது மைசூரோடு சேர்ந்தது. 1949-இல்தான் இரு நகராட்சிகளும் ஒன்றாயின. அதனால் ஒரு தெருவின் கதையைக் காண மூன்று வாயில்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. மைசூர் அரசின் தாள்கள் இந்நகரத்து மாநில ஆவணக் காப்பகத்தில். ரெசிடென்சித் தாள்கள் புது தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். சென்னை மாகாணத்தவை எழும்பூரில். கிறித்தவ அன்பர்கள் பேறு பெற்றவர்கள். சிவாசிநகர் தூய மரியன்னை பேராலயம் போன்ற பழைய ஆலயங்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் ஏடு எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எங்களைப் போன்றோர்க்கு அவ்வசதி இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு நாடெங்கும் கட்டாயமானது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

பெயரே நம்மை ஏமாற்றும் என்பதையும் இடையிலே சொல்லிவிடுகிறோம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. இன்னார் குமாரர் இன்னார் என்று ஒரு தாளில் கண்டதும் துள்ளிக் குதித்தோம். ஆறு மாதம் கழித்தே தெரிந்தது, அவர் கொள்ளுப்பாட்டனார் அல்லர். அவர் பெயரைத் தாங்கிய பேரனார், அதாவது எங்கள் சிற்றப்பா! ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்த பேதைமை.

உண்மையான தாள் வீட்டிலேயே இருந்தது. அல்சூர் மனை வாங்கிய 1911-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம், ஆங்கிலத்தில் எழுதியது. வில்லங்கம் பார்ப்பதற்காகப் பலமுறை எடுத்திருக்கிறோம்; ஒருமுறையும் படித்ததில்லை. கொள்ளுப்பாட்டனார் பெயர், தகப்பனார் பெயர், அதன்பின் தொழில். சுபேதார் என்று அதில் இல்லை. ‘பண்டிமேன்’ என்றிருந்தது. மாட்டு வண்டி ஓட்டுபவர். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மாறாக இடக்கைப் பெருவிரல் ரேகை. பாட்டனார் பயின்ற பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தபோது அங்கும் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் அதுவே இருந்தது.

அன்று இரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாகப் பேசவில்லை. இதை வெளியே சொல்ல வேண்டுமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நம்மவர் சொல்லும் குடும்பக் கதைகளில் எல்லோருடைய முன்னோரும் சுபேதார், ஒப்பந்தக்காரர், துபாஷி. அப்படியானால் கண்டோன்மென்ட்டில் வண்டி ஓட்டியவர் யார்? இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியை 1868-இல் முடித்துத் தந்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதை நாம் அறிவோம். 1873-இல் அவர் தொடங்கிய பள்ளியின் வழியே அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அக்கட்டடத்துக்குக் கல் ஏற்றி வந்த வண்டிகளை ஓட்டியவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கலாம். வண்டியோட்டிச் சேர்த்த காசில் மனை வாங்கி, மகனைப் பள்ளியில் சேர்த்தவரை மறைப்பதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்பத்திரத்தில் மற்றொரு பேறும் கிடைத்தது. நான்கெல்லை எழுதியிருந்தார்கள் அல்லவா, அதில் மேற்கெல்லைக்கு உரியவரின் வழியினர் இன்றும் இந்நகரில் வேறொரு பகுதியில் வாழ்கின்றனர். அவர்களைத் தேடிச் சென்று கேட்டோம். “நீங்களும் நாங்களும் ஒரே ஊர்க்காரர் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். குலதெய்வம் பச்சையம்மன். நீங்கள் வருவதில்லையே?” என்றார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குழந்தைகளுக்கு முடியிறக்குவது திருப்பதியில். குலதெய்வத்தை மறந்தவர்களுக்கு ஊர் எப்படி நினைவிருக்கும்?

ஆம்பூரை அடுத்த சிற்றூர் அது. ஏரிக்கரையில் பச்சையம்மன் கோயில். வெளியே நெடிதுயர்ந்த முனிகள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பழைய தலைக்கட்டு வரி நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்தார். திருவிழாவுக்கு ஊர்க்குடிகள் செலுத்திய வரிக் கணக்கு. கொள்ளுப்பாட்டனார் பெயர் அதில் இருந்தது. பக்கத்தில் பெங்களூர் என்று எழுதி, ஆண்டுதோறும் பணம் வரவு வைத்திருந்தார்கள். ஊரை விட்டு முப்பது ஆண்டு கழிந்த பின்னும் வரி அனுப்பியிருக்கிறார்! அவர் மறைந்த பின் அந்த வரி இல்லை.

அவருடைய தம்பியின் பேத்தி அவ்வூரில் உயிரோடு இருந்தார். தொண்ணூறைக் கடந்த மூதாட்டி. திண்ணையில் அமர்ந்து, நாங்கள் யார் என்று கேட்டறிந்தபின், வீட்டில் பழைய அண்டா ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். பெயரை நாங்கள் சொல்லுமுன்னரே அவர் சொல்லிவிட்டார்.

அவர் கூறியது இது. கொள்ளுப்பாட்டனாருக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் அவள். தாய்வீட்டுச் சீராக அந்த அண்டாவைக் கொண்டுவந்தாள். நான்கு ஆண்டு பெங்களூரில் வாழ்ந்தாள், பிள்ளையில்லை. 1898-இல் இந்நகரில் பிளேக் நோய் புகுந்ததே, அதிலே மறைந்தாள். அப்போது புகைவண்டி நிலையங்களில் பிரயாணிகளைச் சோதித்து நிறுத்தி வைத்த காலமாகையால் ஊரிலிருந்து எவரும் போய்ச் சேரவில்லை. தாயும் முகம் பார்க்கவில்லை. இரண்டாண்டு கழித்து வேறு திருமணம் நடந்தது. அவ்வாறு வந்தவர்தாம் எங்கள் கொள்ளுப்பாட்டியார்.

சொல்லி முடித்தபின் மூதாட்டி எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்பா, உங்க வீட்டுலே கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குப் படைக்கிறீங்களா, இல்லே அதையும் விட்டுட்டீங்களா?”

“படைக்கிறோம், பாட்டி” என்றோம்.

“யாருக்குன்னு நெனச்சுப் படைக்கிறீங்க?”

எங்களால் விடை சொல்ல இயலவில்லை. ஒவ்வொரு திருமணத்துக்கு முன்னும் கலசம் வைத்து, புதுப்புடவையும் பூவும் சாத்தி, சுமங்கலியாய் மறைந்த பெண் ஒருத்தியை எங்கள் வீட்டில் வணங்கி வந்திருக்கிறோம். கொள்ளுப்பாட்டியார் தொடங்கி வைத்த வழக்கம் என்பது மட்டும் தெரியும். யார் அந்தப் பூவாடைக்காரி என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. தமக்கு முன் அவ்வீட்டில் வாழ்ந்தவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அவள் அண்டாவை விற்காமல், அவளுக்குப் படையல் மட்டும் இட்டுவந்திருக்கிறார் எங்கள் கொள்ளுப்பாட்டியார். கைப்பொருள் வற்றிய காலங்களில் அவர் தம் காதணியை விற்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம்.

மூதாட்டி அவ்வாண்டு மார்கழியில் காலமானார். நாங்கள் ஒரு கோடை தாமதித்திருந்தால் அந்தப் பெயர் அண்டாவின் கழுத்திலேயே ஊமையாய் நின்றிருக்கும்.

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு திருமணம் நடந்தது. முதல் நாள் மாலை அண்டாவைப் புளியிட்டுத் துலக்கி, நீர் நிரப்பி, வேப்பிலை செருகி நடுக்கூடத்தில் வைத்தோம். புடவையைச் சாத்தியபின் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமே என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். மணமகள் தானே குனிந்து, எழுத்துகளின் மேல் விரல் வைத்து, மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் அப்புடவையையே உடுத்திக்கொண்டாள்.