கல்லீரல் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

(எர்ணாகுளத்தில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. பட்டம், அதன்பின் அரசாங்க உத்தியோகம், இப்போது பென்ஷன். ஆகையால் மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. லாபிலிருந்து வரும் காகிதத்தில் "எல்.எஃப்.டி." என்றொரு பகுதி இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்ற பெயரே அவ்வளவு பொருத்தமில்லை. நாம் முதலில் பார்த்துப் பயப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரலின் வேலையை அளப்பவை அல்ல. செல்லுக்குள் இருக்கவேண்டிய என்ஸைம்கள் இவை. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசிகின்றன. வேலையைக் காட்டுபவை அல்புமின், புரோத்ராம்பின் டைம், ஓரளவுக்கு பிலிருபின்.

எஸ்.ஜி.ஓ.டி. இருதயத்திலும் தசையிலும்கூட உண்டு. 1954-இல் நியூயார்க்கில் லாடூ, ரோப்ளெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர் இது ரத்தத்தில் ஏறுவதை முதலில் காட்டியதே மாரடைப்பு நோயாளிகளிடம்தான்! கல்லீரலுக்கு வந்தது பிறகு. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் எலும்பிலிருந்தும் வரும். அது மட்டும் கூடி, ஜி.ஜி.டி. சரியாக இருந்தால் எலும்பைத்தான் பார்க்கவேண்டும்.

2024-இல் பெரும்பாவூர் பக்கம் வேங்கூர் பஞ்சாயத்தில் குடிதண்ணீர் மூலம் மஞ்சள் காமாலை பரவி, இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டது நினைவிருக்கும். ஹெபடைடிஸ் ஏ. இந்நோயில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இறங்கி, கல்லீரல் பழையபடி ஆகிவிடும். ஆனால் புரோத்ராம்பின் டைம் நீண்டாலோ, நோயாளிக்கு மயக்கமோ பேச்சுக் குழப்பமோ வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

ஸிரோஸிஸில் இதற்கு நேர்மாறு. எஸ்.ஜி.பி.டி. 40, 45 என்று நார்மலாகவே இருக்கலாம். கசிவதற்கு நல்ல செல்கள் அதிகம் மிச்சமில்லை! "குடிப்பழக்கமே இல்லாத நமக்கென்ன?" என்று சொல்லாதீர்கள். சர்க்கரை வியாதி, பருத்த வயிறு, மூன்று வேளையும் அரிசி, சாயங்காலம் பக்ஷணம், இவை போதும், கல்லீரலில் கொழுப்பு சேர. அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தழும்பாகும்.

இதை ஊகிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுக்கவேண்டும். 72 வயது மாமா ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். 3456-ஐ 960-ஆல் வகுக்க 3.6. அதே வயதில் இன்னொருவருக்கு 30, 64, 2,50,000. விடை 1.08. எஸ்.ஜி.பி.டி. 64 என்று தூக்கமிழப்பவர் இவர். டாக்டரிடம் சீக்கிரம் போகவேண்டியவர் முன்னவர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 2.67-க்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் பற்றி ஸ்பெஷலிஸ்டிடம் கேளுங்கள். இது ஊகம்தான், தீர்ப்பல்ல.

கஷாயம் பற்றியும் சொல்லியாகவேண்டும். கோவிட் சமயத்தில் சீந்தில் கொடி, நம்மூரில் அமிர்து என்பார்களே, அதைத் தினமும் குடித்தவர்கள் ஏராளம். 2021-இல் மும்பை டாக்டர்கள் அப்படிக் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. வேறு கொடியாக இருக்கலாம் என்றது. 2022-இல் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி வெளியிட்டன. எனக்கு ஆயுர்வேதத்தில் மரியாதை உண்டு. ஆனால் குடிக்கும் கஷாயம், லேகியம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும், என்ஸைம் கொஞ்சம் கூடிற்றென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டுமா என்று மாமிகள் கேட்கிறார்கள். என்ஸைமுக்கு அவசியமில்லை. கூடவே ஃபாஸ்டிங் சர்க்கரையும் பார்ப்பதானால் காலைக் காபியை ஒத்திப்போடத்தான் வேண்டும்.