எகிப்தின் வெள்ளரிக்காயும் தந்தை வீட்டு உணவும்

(கல்லறைத் திருநாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே நம் கல்லறைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடுகிறது. புல் செதுக்குகிறோம், சிலுவைகளுக்கு வெள்ளையடிக்கிறோம். நவம்பர் 2 அன்று மாலை பூவும் மெழுகுதிரியுமாய்க் குடும்பம் குடும்பமாய் வந்து நிற்கிறோம். குருவானவர் தீர்த்தம் தெளித்து முடித்த பிறகும் யாரும் உடனே கிளம்புவதில்லை. கல்லறையைச் சுற்றிப் பேச்சு ஆரம்பமாகிறது. அப்பா கடன் வாங்கி சைக்கிள் வாங்கிய கதை. பெரியம்மா பொரித்த மீனை ஒளித்து வைத்துத் தம்பிக்கு மட்டும் கொடுத்த கதை. சற்று முன் அழுத அதே முகங்களில் இப்போது சிரிப்பு. அழ வந்த இடத்தில் சிரிக்கிறோமே என்று யாருக்கும் உறுத்துவதும் இல்லை.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று இன்று கொஞ்சம் சிந்திப்போம்.

கடந்துபோன நாளை நினைத்து, இனிப்பும் வலியும் கலந்து வருகிற இந்த உணர்வைப் பத்திரிகைகள் 'மலரும் நினைவுகள்' என்று எழுதுகின்றன. நம் வீடுகளில் "ஊர் நினைப்பா இருக்கு", "அம்மா ஞாபகமாவே இருக்கு" என்போம். மேல்நாட்டார் இதை 'நாஸ்டால்ஜியா' என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்த கதை வேடிக்கையானது. அது முதலில் ஒரு நோயின் பெயர். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஜோஹான்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது இளைஞர் தம் ஆய்வேட்டுக்காக அதை உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'நாஸ்டாஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்காஸ்' என்றால் வலி. வீடு திரும்ப முடியாத வலி.

அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். காய்ச்சலும் மனக்கலக்கமும் முற்றிச் சாவின் விளிம்பில் கிடந்தவர், வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் வழியிலேயே தேறத் தொடங்கினாராம். இன்னொருவர் நாட்டுப்புறப் பெண். கீழே விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், உணவையும் மருந்தையும் ஒதுக்கிவிட்டு, "வீட்டுக்குப் போகணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பினார்கள், சில நாளில் குணமானார். பின்னால் வந்தவர்கள், மலைநாட்டுக்காரர்கள் தாழ்நிலத்துக்கு இறங்குவதால் காற்றின் அழுத்தம் கூடி இந்த நோய் வருகிறது என்றார்கள். மாட்டுமணிச் சத்தம் சிறுவயதிலேயே மூளையைப் பாதித்துவிடுகிறது என்று சொன்னவர்களும் உண்டு. படித்தவர்களுக்கும் சில நேரம் பாட்டிமார்களின் அறிவு எட்டுவதில்லை.

இது நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. வயதானவர்கள் பழங்கதை பேசினால் புத்தி தளர்ந்துவிட்டது என்றே மருத்துவர்களும் நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை மறுத்து எழுதினார். முதியவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான வேலை, தேவையான வேலையும்கூட என்றார். தீராத மனத்தாங்கலையும் மன்னிக்காத உறவையும் எடுத்துப் பார்த்து, இதுதான் என் வாழ்க்கை என்று ஏற்றுக்கொள்ள அது வழி செய்கிறது. நாம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் செய்கிற ஆன்ம சோதனைக்கு இது வெகு தூரத்தில் இல்லை.

அண்மைக் காலத்தில், இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸ், டிம் வில்ட்ஷட் முதலியோர் இதைச் சோதனைகளால் ஆராய்ந்தார்கள். சோதனை மிக எளியது. ஒரு பகுதியினரிடம், உங்களை ஏங்க வைக்கும் பழைய நிகழ்வு ஒன்றை நினைத்துச் சில நிமிடம் எழுதுங்கள் என்பார்கள். மற்றவர்களிடம் அன்றாட நிகழ்வு ஒன்றை எழுதச் சொல்வார்கள். பிறகு இருவர் மனநிலையையும் ஒப்பிடுவார்கள். பழையதை ஏக்கத்தோடு எழுதியவர்கள், தங்களை நேசிக்க ஆள் இருக்கிறது என்று கூடுதலாக உணர்ந்தார்கள். தங்களைப் பற்றிய மதிப்பும் அவர்களிடம் கூடியிருந்தது. 2006-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஏக்கம் பெரும்பாலும் மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையிலும்தான் வருகிறது. அதாவது, பழைய நினைவு வந்ததால் சோகமானோம் என்று நினைக்கிறோமே, பல நேரம் நடப்பது தலைகீழ். சோகம் முதலில் வந்தது, அதை ஆற்ற நினைவு பின்னால் வந்தது. சீனாவின் குவாங்சௌ நகருக்குப் பெற்றோரோடு பிழைக்க வந்த கிராமத்துப் பிள்ளைகளிடமும் இதையே கண்டார்கள். தனிமை கூடக்கூட ஏக்கம் கூடியது. அந்த ஏக்கமே, நமக்கும் ஆள் உண்டு என்ற உணர்வைத் திரும்பக் கொடுத்தது. குளிரான அறையில் உட்கார்ந்தவர்களுக்குப் பழைய நினைவு அதிகம் வந்தது, நினைத்தவர்களுக்கு அறை சற்று வெதுவெதுப்பாகத் தோன்றியது என்றும் இன்னொரு ஆய்வு சொல்கிறது.

இந்த நினைவுகளில் என்னதான் இருக்கிறது? வசதியும் சுகமும் என்று நினைப்போம். அப்படி இல்லை. பெரும்பாலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அதுவும் நெருக்கமானவர்கள். கஷ்டமும் இருக்கும், ஆனால் கதை கஷ்டத்தில் தொடங்கி நல்லதில் முடியும். நம் பெரியவர்களைப் பேசவிட்டுப் பாருங்கள். "அந்த வருசம் வெள்ளத்துல எட்டு நாள் பள்ளிக்கூடத்துலதான் படுத்தோம். ஊரு மொத்தத்துக்கும் ஒரே அண்டாவுல கஞ்சி." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. வெள்ளம் நல்லது என்பதல்ல. அன்றைக்கு யாரும் யாரையும் விட்டுவிடவில்லை என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருக்களாகிய நாங்கள் இதை அடிக்கடி காண்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில், பாட்டி கட்டிலில். நற்கருணை வாங்கிக்கொள்வார், ஆமென் சொல்வார், வேறு பேச்சு இல்லை. சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை என்பார் பார்த்துக்கொள்ளும் பெண். ஒருமுறை சும்மா ஒரு கேள்வி கேட்டோம்: "பாட்டி, உங்க ஊர்த் திருவிழா அசனத்துக்கு எத்தனை கோட்டை அரிசி பொங்குவாங்க?" கண் திறந்தது. "எங்க ஊரு அசனத்த நீங்க பாக்கலியே, சாமி!" என்று ஆரம்பித்தவர், முதல் நாள் இரவு முழுக்கக் கத்தரிக்காய் அரிந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். அடுப்பு புகைந்தது, மழை தூறியது, உபதேசியார் கோபித்துக்கொண்டது எல்லாம் வந்தது. அரை மணி நேரம் ஆனது. "அந்தக் கூட்டு இப்ப கிடைக்குமா?" என்று கேட்டு, இருந்த ரசஞ்சோற்றில் கொஞ்சம் சாப்பிட்டார். நாங்கள் மருந்து எதுவும் கொண்டுபோகவில்லை. அவருடைய ஊர் அவருக்குள்ளேயே இருந்தது, ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் எல்லா நினைவும் மருந்தாகிவிடுமா? திருவிவிலியம் இங்கே நம்மை எச்சரிக்கிறது. எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தை நினைத்து அழுகிறார்கள். மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், பூண்டு என்று பட்டியல் போடுகிறார்கள். மீன் இலவசமாகக் கிடைத்தது என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இலவசமா? வைக்கோலைத் தாங்களே பொறுக்கிவந்து, செங்கல் எண்ணிக்கை குறையாமல் அறுத்து, முதுகில் அடி வாங்கினார்களே, அந்த விலை பட்டியலில் இல்லை. அவர்கள் அழுதது ஒரு சாப்பாட்டை நினைத்து. அந்த அழுகையில் ஒரு மனிதர் பெயர்கூட இல்லை. கண்முன் கிடந்த மன்னாவோ அவர்களுக்குச் சலித்துப்போனது.

அதே பசியில் இன்னொருவர் நினைத்துப் பார்க்கிறார். லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் இளைய மகன். பன்றிகள் தின்னும் நெற்றுகூடக் கிடைக்காதபோது அவருக்கு வீட்டு ஞாபகம் வருகிறது. தன் பழைய அறையையோ மோதிரத்தையோ அவர் நினைக்கவில்லை. அப்பாவின் கூலியாள்களுக்குக்கூட வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும் என்று நினைக்கிறார். அந்த நினைவில் அப்பாவின் குணம் இருக்கிறது: கூலிக்காரனையும் பட்டினி போடாத மனிதர். பழைய நாளைத் திருப்பிக் கொடு என்று கேட்கவும் அவர் போகவில்லை. வேலைக்காரனாக இருந்தால் போதும் என்று எழுந்து நடக்கிறார். ஹோஃபர் சொன்ன வீடு திரும்பும் வலி இதுதான், ஆனால் இங்கே அது கால்களுக்குப் பலமாகிவிட்டது. மூத்த மகனுக்கும் நல்ல ஞாபகசக்தி இருந்தது. இத்தனை வருடம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டி தந்தீரா என்று கணக்கு வைத்திருந்தார். அந்த நினைவு அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

நம் பங்குகளில் எந்த நினைவு புழங்குகிறது? "அந்தக் காலத்துல கோவில் எப்படி இருந்துச்சு, பாட்டு எப்படி இருந்துச்சு, இப்ப பிள்ளைங்க கீபோர்டு வச்சு என்னமோ பண்ணுதுங்க" என்ற பேச்சை ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போதே கேட்கிறோம். சபை உரையாளர், முற்காலம் இக்காலத்தைவிடச் சிறந்தது ஏன் என்று கேட்பது அறிவுடைமை அல்ல என்கிறார். அக்காலச் சப்பரப் பவனிகளில் யார் சப்பரம் தூக்கலாம், யார் தூக்கக்கூடாது என்று சண்டைகள் நடந்த ஊர்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து நினைப்பதுதான் நேர்மை. பழைய ஞானப்பாட்டு பிடிக்கும் என்றால், குறை சொல்வதை விட்டுப் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாமே. அவர்கள் ஆசையாய்ப் படிப்பார்கள். பாட்டை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்போதும் கவலையிலேயே உழல்பவர்களுக்கு, பழைய கவலையற்ற நாள்களின் நினைவு சில சமயம் சோர்வைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாரிடம் போய், பழசை நினைத்துப் பாருங்கள் என்று நாம் சொல்லக்கூடாது. அவர்களாகப் பேசும்போது அருகில் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாதவருக்கு மருத்துவர் தேவை, அதைச் சொல்லவும் தயங்கக்கூடாது.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா பேச ஆரம்பித்ததும் "போன வாரமே சொன்னீங்க தாத்தா" என்று கைப்பேசியைப் பார்க்காதீர்கள். பொதுவாக "பழைய கதை சொல்லுங்க" என்றாலும் அவர்களுக்கு ஓடாது. குறிப்பாய்க் கேளுங்கள்: புது நன்மைக்கு என்ன உடுத்தியிருந்தீர்கள்? யார் தைத்தது? முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினீர்கள்? அந்தக் கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்து, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். இரவு வேலை முடிந்து தனி அறைக்குத் திரும்புகிறவருக்கும் அது தேவைப்படும். பிறகு அலமாரியில் இருக்கும் பழைய புகைப்படங்களை இறக்கி, தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.