டயர் வாசனை
(பொம்மனஹள்ளி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சந்தில் ஓர் அம்மா இருக்கிறார். காவிரிச் செய்தி வந்தால் கதவைச் சாத்திவிட்டு, "தமிழில் பேசாதே" என்று பேரனை அடக்குகிறார். குப்பையோடு எவனாவது டயரைக் கொளுத்தினால் அவர் கை நடுங்கிப் பாத்திரம் நழுவுகிறது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பர் 11-ல் அரசிதழில் வந்தது. மறுநாள் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தன. எனக்கு அப்போது வயது பத்து. அதே புகையை நானும் சுவாசித்தேன். எனக்கு இந்த நடுக்கம் இல்லை. நான் வீரனா? இல்லவே இல்லை.

ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் ஆராய்ச்சிக்கு நாய்கள் வளர்த்தார். 1924-ல் லெனின்கிராடில் வெள்ளம். மூழ்கும் நேரத்தில் நாய்களைக் காப்பாற்றினார்கள். பிறகு ஒரு நாயின் அறைக்குள் கதவிடுக்கு வழியே கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள். அவ்வளவுதான், அது நிலைகுலைந்தது. ஆனால் வெள்ளத்தில் சிக்கிய எல்லா நாய்களும் அப்படி ஆகவில்லை!

ஆபத்து வேளையில் இருந்த வாசனை, சத்தம் எல்லாவற்றையும் மூளை ஆபத்தோடு முடிச்சுப் போடுகிறது. உயிர் பிழைக்க அது தேவை. பிறகு அதே வாசனை ஆபத்தில்லாமல் பலமுறை வரும்போது, 'இப்போது பயமில்லை' என்று இன்னொரு பாடம் படிக்க வேண்டும். பழைய பாடம் அழியாது. புதியது அதை அடக்கி வைக்கும். இந்த இரண்டாவது பாடம்தான் சிலருக்கு ஏறுவதில்லை. பிறவி உடல்வாகு ஓரளவு காரணம். முன்பே அடிபட்ட வாழ்க்கை, ஆறுதலுக்கு ஆளில்லாமை, திரும்பத் திரும்ப வரும் மிரட்டல், இவையும் சேரும்.

என்னை ஒரு கன்னடத் தாய் தன் சமையலறையில் ஒளித்து வைத்து, ராகி முத்தை ஊட்டினாள். பிறகு பாட்டி ஊரில் ஒரு மாதம் இருந்தேன். அந்த அம்மாவோ விதவை, போக ஊரில்லை. எரிந்த குடிசை முன்னாலேயே படுத்தார். 2016 செப்டம்பர் 12-ல் மறுபடி பஸ்கள் எரிந்தபோது, பாதி படித்த பாடமும் போயிற்று.

இவரைத்தான் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறோம்! "எதிரே டயரைக் கொளுத்தினால் பழகிவிடும்" என்கிறார் ஒரு மேதாவி. கூடாது ஐயா. பயிற்சி பெற்றவர் கூட இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டிய வேலை அது. நிமான்ஸ் ஆஸ்பத்திரி இதே ஓசூர் ரோட்டில்தான், டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நாம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். அந்த அம்மா வருகிறார். வேறு யாருக்காவது விருப்பமென்றால், கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்லுங்கள். பெயரை நோட்டில் எழுத மாட்டேன்.